பொது வாசகருக்குக் கணிதம் எழுதுவது: முதல் கேள்வியிலிருந்து அச்சகம் வரை

பாடப்புத்தகத்துக்கு வெளியே, சாதாரண வாசகருக்காகத் தமிழில் கணிதம் எழுத வேண்டும் என்ற ஆசை மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் பலருக்கு இருக்கிறது. கணித ஆசிரியர்கள், ஏ.எல். எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருப்பவர்கள், வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் படிப்பவர்கள் என்று என்னிடம் கேட்டவர்களே நிறையப் பேர். எழுத உட்கார்ந்ததும் இரண்டு பக்கமும் இடிக்கும். சுவையாக எழுதினால் "கதை நல்லாயிருக்கு, கணக்கு எங்க?" என்பார்கள். தெளிவாக எழுதினால் "ரியூட் மாதிரி இருக்கு" என்பார்கள்.

ஒரு சிறு நூலை எழுதி அச்சுக்குக் கொண்டுவரும்வரை இந்த இரண்டு பேச்சையும் கேட்டுக்கேட்டு, அச்சக வாசலிலும் அலைந்து கற்றதைத்தான் கீழே வரிசையாகத் தந்திருக்கிறேன். எனக்கு உறுதியாகப் பட்ட ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விளையாட்டு கேள்வியில் இருக்கட்டும், விளக்கத்தில் வேண்டாம். மற்றதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

1. யாருக்கு எழுதுகிறீர்கள் என்று ஓர் ஆளைக் குறியுங்கள்

"பொது வாசகர்" என்று ஒருவர் கிடையாது. உங்களுக்குத் தெரிந்த ஓர் ஆளை மனதில் வையுங்கள். ஓ.எல். வரை கணிதம் படித்து, பிறகு அதைத் தொடாத ஒருவராக இருந்தால் நல்லது. தையல் கடை வைத்திருக்கும் அக்காவாகவோ, நெல் ஆலையில் கணக்குப் பார்க்கும் தம்பியாகவோ இருக்கலாம். அவருக்குக் கூட்டல், பெருக்கல், பின்னம், சதவீதம் வரும். அட்சரகணிதம் மங்கலாக ஞாபகம் இருக்கும். நிறுவல் என்றால் பயம்.

அவர் பெயரைக் கொப்பியின் முதல் தாளில் எழுதி வையுங்கள். ஒரு வசனம் எழுதிவிட்டு, இதை அவருக்கு நேரே நின்று இப்படியே சொல்லுவேனா என்று பாருங்கள். சொல்ல மாட்டீர்கள் என்றால் அந்த வசனத்தை மாற்ற வேண்டும்.

2. ஒரு கட்டுரைக்கு ஒரு விடயம்

கட்டுரையை வாசித்து முடித்தவர் அன்று மாலை வீட்டில் என்ன சொல்லுவார்? அதை ஒரே வசனமாக முதலில் எழுதுங்கள். எடுத்துக்காட்டாக: "சதுரக் காணியின் பக்கத்தை இரண்டு மடங்காக்கினால் பரப்பு நான்கு மடங்காகும்." நம் ஊரில் காணியைப் பேர்ச்சில் பேசுகிறோம், ஆகவே இதைச் சொல்ல வேறு உலகத்துக்குப் போகத் தேவையில்லை. 10 பேர்ச் சதுரக் காணியின் ஒவ்வொரு பக்கமும் இரண்டு மடங்கானால் 20 பேர்ச் என்றுதான் பலர் வாயில் வரும். உண்மையில் 40 பேர்ச். ஓர் ஏக்கர் 160 பேர்ச் என்பதால் அது கால் ஏக்கர்.

இந்த ஒரு விடயத்துக்கு 700 சொற்கள் போதும். இதோடு கன அளவையும் சேர்த்து, பின்னப் பரிமாணத்தையும் தொட்டுவிட வேண்டும் என்று கை துறுதுறுக்கும். சேர்க்காதீர்கள். அவற்றை அடுத்த கட்டுரைகளுக்குக் குறித்து வையுங்கள்.

3. விளையாட்டைக் கேள்வியில் வையுங்கள்

புதிதாக எழுதுபவர்கள் அதிகம் சறுக்கும் படி இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

விளையாட்டு என்றால் பகிடி விடுவது என்று பலர் நினைக்கிறார்கள். கணித எழுத்தில் விளையாட்டு என்பது வாசகரைத் தானாகக் கணக்குப் போட வைப்பது. அவர் ஒரு விடையை ஊகிக்க வேண்டும், பந்தயம் கட்ட வேண்டும், "அதெப்படி?" என்று கேட்க வேண்டும். அதற்குச் சரியான கேள்வி ஒன்று இருந்தால் பகிடியே தேவைப்படாது.

காத்தான்குடியிலோ சம்மாந்துறையிலோ கல்யாண வீட்டுக்குப் போயிருந்தால் சஹன் சாப்பாடு தெரிந்திருக்கும். பெரிய தட்டைச் சுற்றிச் சிலர் உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடுவார்கள். இப்போது கேள்வி: 50 விருந்தினர், 8 சஹன். ஒரு சஹனிலும் 6 பேருக்கு மேல் இல்லாமல் எல்லோரையும் உட்கார வைக்க முடியுமா?

வாசகர் மனதிலேயே பெருக்கிப் பார்ப்பார். 8 சஹனில் 6 பேர் வீதம் வைத்தால் 48 பேர்தான். இன்னும் 2 பேர் நிற்கிறார்கள். ஆகவே எப்படி மாற்றி மாற்றி உட்கார வைத்தாலும், குறைந்தது ஒரு சஹனில் 7 பேராவது இருந்தே தீர வேண்டும். இதைத்தான் புறாக்கூட்டுக் கொள்கை என்கிறார்கள்.

இந்த இடத்தில் கவனம் வேண்டும். விளக்கத்தின் உயிர் "எப்படி உட்கார வைத்தாலும்", "குறைந்தது ஒரு சஹனில்", "7 பேராவது" என்ற மூன்று இடங்களில் இருக்கிறது. ஒன்றை விட்டாலும் வாசகர் வேறு ஒன்றைப் புரிந்துகொள்வார். சரியாக ஒரு சஹனில்தான் 7 பேர் என்று நினைப்பார். அது அப்படி இல்லை. இரண்டு சஹனில் 7 பேர் வீதம் இருக்கலாம். ஒரு சஹனில் 8 பேரும் மற்ற ஏழிலும் 6 பேர் வீதமும் இருக்கலாம். எல்லோரும் ஒரே சஹனைச் சுற்றி நெருக்கியடித்தாலும் கூற்று உண்மைதான்.

இதே இடத்தில், ஏழாவதாக வந்து உட்கார்ந்த மாமாவின் வயிற்றைப் பற்றி ஒரு பகிடியை நுழைக்கிறீர்கள் என்று வையுங்கள். வாசகர் சிரிப்பார். சிரித்துவிட்டுத் திரும்பி வரும்போது அவர் மனதில் ஒரு குறிப்பிட்ட சஹனும் ஒரு குறிப்பிட்ட மாமாவும்தான் நிற்பார்கள். "எப்படி உட்கார வைத்தாலும்" போய்விடும். மாமாவைக் கொண்டுவரத்தான் வேண்டும் என்றால் கேள்விக்கு முன்னே, பந்தி விரிக்கும் இடத்திலேயே கொண்டுவந்துவிடுங்கள். "ஆகவே" என்ற சொல்லுக்குக் கிட்ட அவர் வரக் கூடாது.

விளக்கம் முடிந்த பிறகு விளையாட்டு திரும்பி வரலாம், வர வேண்டும். மட்டக்களப்பில் ஏதாவது ஒரு பெரிய பாடசாலையின் காலைக் கூட்டத்தில் 367 மாணவர்கள் நிற்கிறார்கள் என்றால், ஒருவரிடமும் கேட்காமலே சொல்லலாம்: அவர்களில் குறைந்தது இரண்டு பேருக்கு ஒரே திகதியில் பிறந்தநாள். பெப்ரவரி 29ஐயும் சேர்த்து மொத்தத் திகதிகள் 366தானே. சஹனில் பிடித்த அதே நியாயம் இங்கே வேறு உருவில் வருகிறது. வாசகர் அதைத் தானாகக் கண்டுபிடிக்கும்படி விடுங்கள். "பார்த்தீர்களா, இரண்டும் ஒன்றுதான்" என்று முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் அவருடைய சந்தோசத்தை நீங்கள் எடுத்துக்கொண்டதாகிவிடும்.

நல்ல கேள்வியைத் தேடும்போது, எல்லோருக்கும் விடை தெரிந்தது போல இருந்து தவறிப்போகும் கேள்விகளை முதலில் பாருங்கள். மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்கு 40 கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். போகும்போது மணிக்கு 40, திரும்பும்போது மணிக்கு 60. சராசரி வேகம் எவ்வளவு? எல்லோரும் 50 என்பார்கள். போக 60 நிமிடம், வர 40 நிமிடம். 80 கிலோமீற்றரை 100 நிமிடத்தில் ஓடியிருக்கிறோம், ஆகவே மணிக்கு 48. மெதுவாகப் போன பக்கத்தில் அதிக நேரம் செலவானதால் சராசரி அந்தப் பக்கம் சாய்கிறது. இதில் எண்கள் எவ்வளவு சுத்தமாக விழுகின்றன என்று பாருங்கள். தூரத்தை 37 என்று வைத்திருந்தால் வாசகர் கல்குலேற்றரைத் தேடிப் போயிருப்பார்.

4. விளக்கம் வரும் இடத்தில் வாயைக் கட்டுங்கள்

விளக்கப் பகுதிக்கு நான் பின்பற்றும் ஒழுங்கு இது: முதலில் ஓர் எண் எடுத்துக்காட்டு, பிறகு பொதுக் கூற்று, பிறகு காரணம், கடைசியாக அது எங்கே செல்லாது என்பது. கூற்றை முதலில் போட்டு எடுத்துக்காட்டைப் பிறகு தருவது பாடப்புத்தக வழி. அங்கே ஆசிரியர் பக்கத்தில் நிற்பார். கட்டுரை வாசிப்பவருக்குப் பக்கத்தில் யாரும் இல்லை.

ஒரு பந்தியில் ஒரு புதிய சொல்லுக்கு மேல் வேண்டாம். ஒரு பொருளுக்கு ஒரு பெயர் வைத்தால் கடைசிவரை அதே பெயர்தான். அழகுக்காக ஒரு இடத்தில் "கோடு", இன்னோர் இடத்தில் "பக்கம்", பிறகு "விளிம்பு" என்று மாற்றி எழுதாதீர்கள். பள்ளிக் கட்டுரையில் ஒரே சொல் திரும்ப வந்தால் சிவப்பு மையால் கோடு விழும். கணித எழுத்தில் திரும்ப வருவதுதான் நல்லது.

"இது மிக எளிது", "வெளிப்படையாகத் தெரியும்", "யாரும் காணலாம்" ஆகிய மூன்றையும் கண்ட இடத்தில் வெட்டுங்கள். விளங்கியவருக்கு அவை தேவையில்லை. விளங்காதவருக்கு அவை அவமானம், புத்தகத்தை மூடிவிடுவார்.

மேசன்மாரின் 3-4-5 முறையை எழுதுவதாக வைத்துக்கொள்வோம். அத்திவாரம் வெட்டும்போது மூலை சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ஒரு பக்க நூலில் 3 அடி, மற்றப் பக்க நூலில் 4 அடி குறித்து, இரண்டு குறிகளுக்கும் இடையில் ரேப்பைப் பிடிப்பார்கள். 5 அடி வந்தால் மூலை செங்கோணம். 3×3 + 4×4 = 5×5 என்பதைக் காட்டி, "இதுதான் பைதகரஸ் தேற்றம்" என்று முடிப்பதே வழக்கம். அங்கே ஒரு படி விடுபடுகிறது. செங்கோணம் இருந்தால் பக்கங்கள் அப்படி அமையும் என்பது தேற்றம். பக்கங்கள் அப்படி அமைந்தால் செங்கோணம் இருக்கும் என்பது அதன் மறுதலை. மேசன் பாவிப்பது மறுதலையை. எல்லாத் தேற்றத்துக்கும் மறுதலை உண்மையாக இராது. 4ஆல் வகுபடும் எண் எல்லாம் இரட்டை எண், ஆனால் இரட்டை எண் எல்லாம் 4ஆல் வகுபடாது. பைதகரஸ் தேற்றத்துக்கு இரண்டு பக்கமும் உண்மை என்பதால்தான் மேசன் நம்பி வேலை செய்கிறார். இந்த நாலு வசனத்தைச் சேர்த்தால் கட்டுரை கனத்துவிடாது. அதுவரை வெறும் சூத்திரமாக இருந்தது அங்கேதான் உயிர் பெறுகிறது.

முடிவில் வாசகர் கையில் ஒரு வேலையைக் கொடுங்கள்: "உங்கள் அறையின் மூலையில் 6 அடியும் 8 அடியும் குறித்து அளந்து பாருங்கள், 10 அடி வருகிறதா?" விளையாட்டு மறுபடி உள்ளே வந்துவிட்டது, விளக்கத்தையும் குழப்பவில்லை.

5. எளிமைக்காகப் பொய் சொல்லாதீர்கள்

"பையின் பெறுமானம் 22/7" என்று எழுதுவது பொய். "ஏறத்தாழ 22/7" என்பது உண்மை. ஒரு சொல்தான் வித்தியாசம். 22/7 என்பது 3.1428 என்று போகும், பை 3.1415 என்று போகும்.

முழு நிறுவலைத் தர இடம் இல்லை என்றால் தராமல் விடலாம், அதில் குறை இல்லை. ஆனால் விட்டதைச் சொல்லுங்கள்: "இதற்கு ஒரு நிறுவல் உண்டு, அது நீளமானது, இங்கே 3 எடுத்துக்காட்டுகளை மட்டும் பார்ப்போம்." எடுத்துக்காட்டுகளையே நிறுவல் போலக் காட்டுவதுதான் ஆபத்து. ஓர் உருவில் அமைந்த எண்கள் எல்லாம் முதன்மை எண்கள் என்று சில கணக்குகளில் தோன்றும், பிறகு உடையும். எண் × எண் + எண் + 41 என்பதில் 0, 1, 2 என்று 39 வரை போட்டாலும் முதன்மை எண்தான் வரும். 40ஐப் போட்டால் 1681, அது 41 × 41. இந்த ஒன்றை உங்கள் வாசகருக்கு ஒருமுறை காட்டிவிட்டால், எடுத்துக்காட்டுக்கும் நிறுவலுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிறகு விரிவுரை செய்யவே தேவையில்லை.

6. கலைச்சொற்களை முதலிலேயே முடிவு செய்யுங்கள்

நம் பாடப்புத்தகச் சொற்களும் தமிழ்நாட்டுச் சொற்களும் பல இடங்களில் வேறு. நாம் முதன்மை எண் என்பதை அங்கே பகா எண் என்பார்கள், நாம் தாயம் என்பதை அணி என்பார்கள். இணையத்தில் வாசித்துவிட்டு எழுதினால் இரண்டும் கலந்துவிடும். உங்கள் வாசகர் எந்தப் பாடசாலையில் படித்தாரோ அந்தச் சொற்களையே வைத்து, பாவித்த சொற்களை ஒரு தாளில் பட்டியலிட்டுக்கொள்ளுங்கள். அச்சகத்துக்கும் பத்திரிகைக்கும் அந்தத் தாளையும் கொடுங்கள். மெய்ப்புப் பார்ப்பவர் நல்லெண்ணத்தில் "திருத்தி" வைப்பது குறையும்.

7. தட்டச்சு: கணிதத்துக்கு மட்டும் வரும் ஆபத்துகள்

யுனிகோடில் தட்டச்சுச் செய்யுங்கள். பல அச்சகங்கள் இன்னமும் பாமினி வகை எழுத்துருக்களில், அதாவது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகளை வைத்த பழைய எழுத்துருக்களில், பக்கம் அமைக்கின்றன. அங்கேயும் இங்கேயும் மாற்றும்போது சாதாரணக் கட்டுரைக்குப் பெரிய சேதம் வராது. கணிதக் கட்டுரைக்கு வரும். காற்புள்ளி "இ" ஆகும், 10,000 என்பது 10இ000 ஆக நிற்கும். சமன் குறி "ஸ்ரீ" ஆகும். கூட்டல் குறி ஒரு உயிர்மெய்க் குறியாகி முன் எழுத்தில் ஒட்டிக்கொள்ளும். ஓர் அச்சகத்தில் என் கோப்பைத் திறந்தபோது பக்கம் முழுக்க ஸ்ரீ, ஸ்ரீ என்று நின்றது. கணினியில் இருந்தவர் அது ஏதோ பக்திப் புத்தகம் என்றே நினைத்திருந்தார்.

இதைவிட மோசமானது சுட்டி. 2³ என்பதில் மேலே நிற்கும் 3 கீழே இறங்கினால் 23 ஆகிவிடும். ஸ்ரீ என்றால் யாருக்கும் பிழை என்று தெரியும். 23 என்றால் தெரியாது, பார்ப்பதற்குச் சரியான எண்ணாகவே இருக்கும். ஆகவே மெய்ப்புப் பார்க்கும்போது ஒரு முறை முழுவதும் எழுத்தை விட்டுவிட்டு எண்களையும் குறிகளையும் மட்டும் பாருங்கள். மூலப் பிரதியை ஒருவர் சத்தமாக வாசிக்க, இன்னொருவர் அச்சுத் தாளில் விரல் வைத்துப் போவது நல்லது.

சமன்பாடுகள் அதிகம் என்றால் அவற்றைத் தனித்தனிப் படங்களாகவும் சேமித்து வையுங்கள். மூலக் கோப்போடு ஒரு பி.டி.எஃப். கட்டாயம் கொடுங்கள். எது சரி என்று சண்டை வந்தால் அதுதான் சாட்சி.

வரைபடங்களை நீங்களே வரையுங்கள். இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருள் இலவசம். கையால் வரைந்து நல்ல ஸ்கேனரில் எடுத்தாலும் போதும். பாடசாலைப் புத்தகத்திலிருந்தோ இணையத்திலிருந்தோ படத்தை வெட்டி ஒட்டாதீர்கள், அவற்றுக்குப் பதிப்புரிமை உண்டு. இன்னொன்று, உள்பக்கம் கறுப்பு வெள்ளையில்தான் அடிப்பீர்கள் என்றால் "சிவப்புக் கோட்டைப் பாருங்கள்" என்று எழுதக் கூடாது. தொடர் கோடு, புள்ளிக் கோடு என்று வேறுபடுத்துங்கள்.

8. வாசிக்கக் கொடுங்கள், "விளங்கிச்சா?" என்று கேட்காதீர்கள்

விளங்கிச்சா என்று கேட்டால் எல்லோரும் "விளங்குது" என்பார்கள். மரியாதைக்குச் சொல்வது அது. பென்சிலைக் கையில் கொடுத்து, வாசிப்பு நின்ற இடத்திலெல்லாம் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். காரணம் எழுதத் தேவையில்லை. முடித்த பிறகு, "இதை எனக்குச் சொல்லிக் காட்டுங்கள் பாப்பம்" என்று கேளுங்கள். அவர் சொல்லும்போது விடுபடும் படிதான் நீங்கள் சரியாக எழுதாத படி.

கணிதம் தெரியாதவரிடம் முதலில், ஏ.எல். மாணவரிடம் பிறகு, ஆசிரியரிடம் கடைசியில் கொடுங்கள். ஆசிரியருக்கு விடுபட்ட படிகள் கண்ணில் படாது, மனதிலேயே நிரப்பிக்கொண்டு போய்விடுவார். அவர் தேவைப்படுவது பிழை பிடிக்கத்தான்.

மருதமுனையில் தறி வைத்திருக்கும் ஒருவரிடம் பொதுமடங்கு பற்றிய கட்டுரையைக் கொடுத்தேன். ஒரு வரி 12 இழைக்கு ஒருமுறையும் இன்னொரு வரி 18 இழைக்கு ஒருமுறையும் வந்தால், இரண்டும் 36 இழைக்கு ஒருமுறை சேர்ந்து வரும் என்று அதில் இருந்தது. அவர் அந்த வசனத்தில் நின்றார். "அப்ப முதலாம் இழையில ரெண்டும் தொடங்கினா, அடுத்தது 36ஆவது இழையா, 37ஆவது இழையா?" என்று கேட்டார். 37ஆவது இழை. ஒரு கணித ஆசிரியரும் கேட்காத கேள்வி. நாள் முழுக்க இழை எண்ணுபவருக்கு அது கேட்காமல் போகாது. ஒரு வசனம் சேர்த்தேன், கட்டுரை நேரானது. உங்கள் எடுத்துக்காட்டு எந்தத் தொழிலிலிருந்து வருகிறதோ, அந்தத் தொழில் செய்பவரிடம் ஒருமுறை காட்டிவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

இந்தப் படிக்குக் குறைந்தது ஒரு மாதம் ஒதுக்குங்கள். மற்றவர்கள் தங்கள் வேலைக்கு நடுவில்தான் வாசிப்பார்கள். அறுவடை நாட்களிலும் நோன்பு மாதத்திலும் கொடுத்தால் தாள் அப்படியே இருக்கும்.

9. முதலில் பத்திரிகை, பிறகு நூல்

நேரே நூலுக்குப் போகாதீர்கள். பாடசாலை மலர், பத்திரிகையின் வார இதழ், உள்ளூர்ச் சஞ்சிகை என்று தனிக் கட்டுரைகளாக வரட்டும். அனுப்பும்போது கட்டுரையின் யுனிகோட் கோப்பு, பி.டி.எஃப்., படங்கள் தனித்தனிக் கோப்புகளாக, சொற்பட்டியல், இரண்டு வரியில் உங்களைப் பற்றிய குறிப்பு ஆகியவற்றைச் சேர்த்து அனுப்புங்கள். சமன்பாடுகளை வெட்டுவதானால் முதலில் உங்களிடம் கேட்கும்படி ஒரு வரி எழுதுங்கள். இடம் போதாமல் கடைசிப் பந்தியை வெட்டுவது பத்திரிகை வழக்கம், உங்கள் விடை கடைசிப் பந்தியில் இருந்தால் அதுவும் போய்விடும். விடையை நடுவில் வையுங்கள்.

பதிப்புரிமைக்கு எங்கும் பதிவு செய்யத் தேவையில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதியதிலிருந்தே உரிமை உங்களுடையது. ஆயுட்காலமும் அதன் பின் 70 ஆண்டுகளும் அது நிற்கும். பிறகு நூலாக்கப்போகிறீர்கள் என்பதால், கட்டுரை கொடுக்கும்போது உரிமையை எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

10. அச்சுச் செலவு

பெரிய தாளில் 8 அல்லது 16 பக்கங்களைச் சேர்த்து அடித்துத்தான் மடிப்பார்கள். ஆகவே 64 பக்கத்தில் நிறுத்துங்கள். 66 பக்கம் என்றால் மிச்சப் பக்கங்களுக்கும் தாள் போகும்.

ஒப்செற் முறையில் தட்டு, பக்க அமைப்பு போன்றவை எத்தனை பிரதி அடித்தாலும் ஒரே செலவு. தாள், மை, கட்டுதல் பிரதிக்குப் பிரதி கூடும். கணக்குக்காக நிலையான செலவு 40,000 ரூபா, பிரதிக்கு 150 ரூபா என்று வைத்துக்கொள்வோம். 200 பிரதி அடித்தால் ஒன்று 350 ரூபா விழும், 500 அடித்தால் 230 ரூபா. "500 அடிச்சா லாபம்" என்று சொல்லுவார்கள். ஆனால் 200 பிரதிக்குக் கையிலிருந்து போவது 70,000, 500க்குப் போவது 115,000. விற்காத பிரதிகள் கட்டிலுக்குக் கீழேதான் கிடக்கும். முதல் நூலுக்கு 200 போதும் என்பது என் எண்ணம். அதிலும் குறைவாக வேண்டும் என்றால் டிஜிற்றல் அச்சு, அதில் தட்டுச் செலவு இல்லை.

மட்டக்களப்பு, கல்முனை இரண்டு இடத்திலும் கேளுங்கள், மூன்று அச்சகங்களிடமாவது கொட்டேசனை எழுத்தில் வாங்குங்கள். அதில் நூலின் அளவு, பக்கம், உள்தாளின் கிராம், அட்டையின் கிராம், லமினேற்றிங், கட்டும் முறை, எத்தனை மெய்ப்பு, ஒப்படைக்கும் திகதி எல்லாம் இருக்க வேண்டும். மெய்ப்பு எத்தனை தடவை என்பதை விட்டுவிடாதீர்கள். கணித நூலுக்கு மூன்று தடவையாவது தேவைப்படும், ஒன்றுக்கு மேல் போனால் தனிக்காசு கேட்கும் இடங்கள் உண்டு. படங்கள் அதிகம் என்றால் 80 கிராம் தாளுக்குக் குறையாதீர்கள், மெல்லிய தாளில் பின்பக்கக் கோடு தெரிந்து படத்தைக் குழப்பும்.

11. ஐ.எஸ்.பி.என். இலக்கம்

ஒவ்வொரு நூலையும் தனியாக அடையாளம் காட்டும் 13 இலக்க எண் இது. கொழும்பு 7இல் உள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபைதான் இதை வழங்குகிறது. தலைப்புப் பக்கம், பதிப்புரிமைப் பக்கம், உள்ளடக்கம் மூன்றும் முடிவாகி, பக்க எண்ணிக்கையும் விலையும் தெரிந்த பிறகே விண்ணப்பியுங்கள். ஒரு தாள் குறைந்தாலும் கிழமைகள் போய்விடும். அச்சு நூலுக்கு ஒன்று, மின்னூலுக்கு வேறொன்று. இரண்டுக்கும் ஒரே இலக்கத்தைப் போடக் கூடாது.

இலக்கம் கிடைத்ததும் அதைச் சரிபாருங்கள். 13 இலக்கங்களையும் மாறி மாறி 1ஆலும் 3ஆலும் பெருக்கிக் கூட்டினால் வரும் தொகை 10ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். தட்டச்சில் ஓர் இலக்கம் மாறினால் இது கட்டாயம் பிடித்துவிடும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் பெரும்பாலும் பிடிக்கும், ஆனால் எப்போதும் இல்லை. 2, 5 என்பவை 5, 2 ஆனால் தொகை 17இலிருந்து 11ஆக மாறும், பிடிபடும். 1, 6 என்பவை 6, 1 ஆனால் 19இலிருந்து 9 ஆகும். வித்தியாசம் சரியாக 10 என்பதால் தப்பிவிடும். இலக்கங்களுக்கிடையில் 5 வித்தியாசம் இருந்தால் எப்போதும் இப்படித்தான். ஏன் என்று உங்கள் நூலின் பின் அட்டையிலேயே கேட்கலாம், அங்கேதான் பார்கோடும் இருக்கும்.

12. காலக் கணக்கு

ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம். பாடசாலைகளும் நூலகங்களும் அப்போதுதான் நிகழ்வு வைக்கும், புதிய நூலைத் தேடும். அதற்குள் நூல் கையில் இருக்க வேண்டும் என்றால் பின்னாலிருந்து எண்ணுங்கள். செப்டெம்பரில் அச்சும் கட்டுதலும். ஓகஸ்டில் மெய்ப்பு. ஜூலையில் ஐ.எஸ்.பி.என். விண்ணப்பமும் பக்க அமைப்பும். மே, ஜூனில் வாசிக்கக் கொடுப்பதும் திருத்துவதும். எழுத்து வேலை ஏப்ரலுக்குள் முடிந்திருக்க வேண்டும்.

இதைத் தவறவிட்டு நவம்பர், டிசம்பருக்குத் தள்ளாதீர்கள். அச்சகங்கள் கலண்டர், டயரி வேலையில் மூழ்கியிருக்கும், மழையும் சேர்ந்துகொள்ளும். ஈரக் காற்றில் தாள் சுருளும், பசை காய நாள் எடுக்கும்.

நூல் வந்ததும் தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் பிரதிகள் ஒப்படைக்க வேண்டும். சட்டப்படி அது அச்சகத்தாரின் பொறுப்பு. ஆனால் பிரதிகள் உங்கள் கணக்கிலிருந்துதான் போகும் என்பதால் விற்பனைக் கணக்கில் அவற்றை முதலிலேயே கழித்துவிடுங்கள். கடைகளில் விற்கக் கொடுப்பதானால் கழிவு எத்தனை சதவீதம், விற்காததை எப்போது திருப்பித் தருவார்கள் என்பதைப் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். அப்புறம், ஒரு பிரதியை வீட்டில் தனியாக வைத்து, வாசகர்கள் காட்டும் ஒவ்வொரு பிழையையும் பக்க எண்ணோடு அதில் சிவப்பு மையால் குறித்து வாருங்கள். இரண்டாம் பதிப்புக்கு அச்சகத்தில் கொடுக்க வேண்டியது அந்தப் பிரதியைத்தான்.